முப்பதாம் நாள்

என் கணவர் தமிழ்மணி விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பழகி, போர்ச்சுகலில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்குப் போனவர். நாலு வருஷமாக லீவில் வந்தால் முப்பதாம் நாள் கிளம்பிவிடுவார்.

"ஒரு மாசத்துக்கு மேல தங்குனா அந்தச் சம்பளத்துக்கு இங்கயும் வரி கட்டணும், பூங்கோத" என்பார். போன வருஷம் என் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஃபிளைட் ஏறியதும் இதைச் சொல்லித்தான். அப்போதிருந்தே எனக்கு மனசில் ஓர் உறுத்தல்.

இங்கே அவர் பெயரில் வரும் கடை வாடகைக்கு வரிக் கணக்குத் தாக்கல் செய்ய, இந்த முறை ஆடிட்டரிடம் நானே போனேன். பேச்சோடு பேச்சாக இதையும் கேட்டேன்.

"யாரும்மா அப்படிச் சொன்னது? அவரு வருஷத்துல ஆறு மாசத்துக்குக் கிட்ட இங்க தங்கலாம். அந்தச் சம்பளத்துக்கு அங்க மட்டும் வரி கட்டுனா போதும்" என்றார் ஆடிட்டர்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போன் போட்டேன்.

"ஏங்க, ஆறு மாசம்கூட தங்கலாமாம். ஆடிட்டர் சொல்றாரு. இந்த லீவுக்கு எத்தினி நாளு வூட்ல இருப்பீங்க?"

சந்தோஷப்பட்டுவிட மாட்டாரா என்று எனக்கு ஒரு நப்பாசை. அவர் மெதுவாகக் கேட்டார்:

"அவரு வேற என்ன சொன்னாரு?"