டாக்டர் வீட்டம்மாவின் பல்வலி

அந்தப் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தால், உள்ளேயிருந்து அவரவர்க்கு உயிரான பாட்டு கேட்கும். நாற்காலி வாங்கிய முதல் நாளிலிருந்தே அப்படித்தான். வெளியே காத்திருப்பவர்களின் பெஞ்சு வரைக்கும் தெளிவாக வரும். எச்சில் உறிஞ்சும் குழாயை வைத்தால் மட்டும் கொஞ்சம் கரகரக்கும். முதல் வாரம் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. ஊரில் வேறு பல் டாக்டர் கிடையாது.

டாக்டருக்கு நல்ல இசை ஞானம் என்று டாக்டரே சொல்வார். நாலு வயலின் சேர்ந்து உருகினால்தான் இசை, மற்றதெல்லாம் இரைச்சல் என்பது அவர் கட்சி. வயலின் கேட்கிற வாய்க்கு இரண்டு மரப்பு ஊசி, பூப்போலக் கை. ஜாஸ் என்றால் ஒரு ஊசி. குத்துப்பாட்டு என்றால் ஊசியே கிடையாது. “காதே மரத்துப் போச்சு, உனக்குப் பல்லு வேற மரக்கணுமா?” என்றபடி குறடை எடுப்பார். மருந்துச் சீட்டில் பல்லின் எண்ணுக்குக் கீழே உயர்வு, நடுத்தரம், மட்டம் என்று எழுதுவார். சம்பந்தம் பேசுகிறவர்களும் வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் நாளடைவில் அந்தச் சீட்டைத்தான் முதலில் கேட்டார்கள். பள்ளிக்கூடத்து இசை வாத்தியார் வாயிலிருந்து சோப்பு விளம்பரப் பாட்டு வந்தது. பாவம், மாதம் முடிவதற்குள் மூட்டை கட்டிவிட்டார். கசாப்புக் கடைக்காரர் வாயிலிருந்து நாலு வயலின் வந்தபோது, டாக்டர் நாற்காலிக்குப் பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று குனிந்து பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாக நடுத்தரம் என்று எழுதினார்.

இதையெல்லாம் மாடியிலிருந்து டாக்டரின் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் பிஸ்கட் ஆலையில் பெட்டி அடுக்கினவள். கணவரிடம் ஆலையின் ஆபீசில் வேலை பார்த்ததாகச் சொல்லியிருந்தாள். அங்கே ஒலிபெருக்கியில் நாளெல்லாம் ஒரே குத்துப்பாட்டைப் போடுவார்கள். நாற்பது பெண்களும் இடுப்பை ஆட்டியபடி, ஒரு தாளத்துக்குப் பொட்டலம், மறு தாளத்துக்கு மூடி என்று அடுக்கித் தள்ளுவார்கள். அவள் வாழ்நாளில் சந்தோஷமாக இருந்தது அந்த மூன்று வருஷம்தான். இப்போது டாக்டரிடம் வேலை செய்யும் நர்சம்மாவும் அன்று பக்கத்து மேஜையில் பெட்டி ஒட்டியவர்தான். இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

கல்யாணமான ஐந்தாம் வருஷம் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. “கீழ வா, பாத்துடலாம்” என்றார் டாக்டர். “வலியெல்லாம் இல்லைங்க, சும்மா கூச்சம்” என்றாள். அன்று தொடங்கிப் பதினோரு வருஷம்! கிராம்பை அடக்கிக்கொண்டாள், ஒரு பக்கமாக மென்றாள், அப்புறம் பாலில் ஊறிய ரொட்டியே போதும் என்றாள். ஆடிய பல்லை நூலில் கட்டி, சமையலறைக் கதவை அறைந்து தானே பிடுங்கினாள், ஒன்றல்ல, ஆறு. ஊரார் பல்லையெல்லாம் தட்டிப் பார்க்கிற மனுஷர், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் ஏன் சிரிப்பதேயில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டார். பாத்திரம் தேய்க்கும்போது அந்தப் பாட்டு தானாக நெஞ்சுக்குள் கிளம்பும். உடனே குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வலிக்கிற பல்லை நாக்கால் அழுத்துவாள். பாட்டு அடங்கிவிடும். இப்படி ஒரு நாளைக்கு இருபது தடவை.

பதினோராம் வருஷம் தாடை வீங்கி, ஜுரத்தோடு மாடிப்படியில் விழுந்தாள். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் தூக்கி வந்து நாற்காலியில் கிடத்தினார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “பைத்தியமா உனக்கு? சீழ் தலைக்கு ஏறிடும்!” என்று டாக்டர் கையைப் பிரித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். டாக்டர் வீட்டம்மாவின் பாட்டு என்றால் சும்மாவா! நர்சம்மா கண்ணை மூடிக்கொண்டார். வாய் திறந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கைகழுவும் தொட்டியில் குழாய் சொட்டுவதுதான் கேட்டது. டாக்டர் நாற்காலியை ஏற்றி இறக்கிப் பார்த்தார், அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் மலர்ந்ததே, அதை மட்டும் மன்னிக்கவே முடியாது. “பாத்தீங்களா? இவளோட ரசனை அவ்வளவு ஒசத்தி. நம்ம காதுக்கே எட்டாது” என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். மூன்று ஊசி போட்டு, ஒன்பது பல்லைப் பூப்போலப் பிடுங்கினார். சீட்டில் உயர்வு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

அந்த வாரமே ஊரில் மௌனத்துக்கு மவுசு வந்துவிட்டது. எங்கள் பிள்ளைக்கும் சத்தம் வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று பெற்றவர்கள் வந்து கேட்டார்கள். வாசலில் டாக்டர் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், பஞ்சு மாற்ற அவளை உட்கார வைத்த நர்சம்மா கதவைச் சாத்தினார். “அக்கா, நம்ம பாட்டு எங்கக்கா போச்சு?” என்றார். அவள் விழித்தாள். நர்சம்மா குனிந்து, நாற்காலியின் கைப்பிடியில் தாளம் தட்டி, அந்தக் குத்துப்பாட்டின் முதல் இரண்டு வரியை அவள் காதோரம் பாடினார். டாக்டரின் மனைவி விருந்தாளி மாதிரி மரியாதையாகக் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “யார் பாடினது?”

நர்சம்மா புதுப் பஞ்சை ஈறில் வைத்தார். “இறுக்கி மூடிக்கோங்கக்கா” என்றார்.