பின்னால் வந்த லோரி

வெந்நீர்ச் சட்டியில் உப்பைக் கரைத்து, கணவன் சேதுராமனின் கால்களைத் தூக்கி அதற்குள் வைத்தபோதுதான் அஞ்சலை கவனித்தாள். இரண்டு கட்டைவிரல்களிலும் நகம் இல்லை. குதிகால் தோல் உரிந்து, கோழி ஈரல் மாதிரி சிவந்து கிடந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். தோள் இரண்டிலும் பை வார் அறுத்த தடம்.

"ஸ்டோர்ல சாமான் தூக்குனா இப்படியா ஆவும்?"

"கனமான சாமான்," என்றான் அவன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு காலைத் தேய்த்தாள். தேறிவிட்டான்! அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தக் கால்கள் சொல்லிவிட்டன.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம் அது. இந்தோனேசியாவோடு மோதல் மூண்டு, ரேடியோவைத் திருப்பினால் எல்லைச் சேதிதான். பட்டாளத்தில் ஒயர்லெஸ் பார்க்கிற வேலை சேதுராமனுக்கு. போன தடவை கிளம்பும்போது அவளை எதிரே உட்காரவைத்துச் சொன்னான்.

"புதுசா ஒரு படை சேக்குறாங்க அஞ்சல, அந்தத் தேர்வுக்குத்தான் போறேன். நாலஞ்சு பேரா பிரிச்சிக் காட்டுக்குள்ள விடுவாங்க. ஒயர்லெசுக்கு ஒருத்தன், மருந்துக்கு ஒருத்தன், வெடிக்கு ஒருத்தன். பக்கத்துக் குழுவுல யாரு இருக்கான்னு எங்களுக்கே சொல்லமாட்டாங்க. வெளியில கேட்டா நான் பட்டாளத்து ஸ்டோர்காரன். வீட்டுலேர்ந்து பேச்சு வெளிய போச்சுன்னா, தேறியிருந்தாலும் பேர அடிச்சிருவாங்க. விசாரிக்க ஆள் வரும். யாரு, எப்ப வருவான்னு எனக்கே தெரியாது. இனிமே உன் வாயிலதான் இருக்கு."

அந்த வாய் மலாக்காவில் அவர்கள் குடியிருந்த காஜா பெராங் முழுக்கப் பேர்போன வாய். அஞ்சலை பைப்படியில் பேசினால் பல மைல் தள்ளியிருக்கும் பத்து பெரெண்டாம் ஊரில் கேட்கும் என்று அடுத்த வீட்டுப் பாக்கியலட்சுமி சொல்வாள். பொய்யில்லை. அவன் கிளம்பிப் போன வெள்ளிக்கிழமையே மாரியம்மன் கோயிலில் நின்று, "ஆத்தா, அவரு நெனச்ச எடத்துல அவர சேத்துவிட்டுரு, திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்குறேன்!" என்று கூவிவிட்டாள். மனசுக்குள் வேண்டிக்கொள்ள அவளுக்குத் தெரியாது. சாமிக்குக் காது கேட்க வேண்டாமா? கண்ணைத் திறந்து திரும்பினால், பின்னாலேயே பாக்கியலட்சுமி நின்றிருந்தாள்.

இப்போது திருவிழா வந்துவிட்டது. வேண்டுதலை விட்டால் ஆத்தாவுக்கு ஆகாது. குடத்தைத் தூக்கினால், எதற்கு என்று ஊர் கேட்கும். போதாதற்கு இந்த வாரம் சுப்பையன் கோப்பிக் கடையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்து, இன்சூரன்ஸ் என்று சொல்லிக்கொண்டு, சேதுராமனுக்கு எங்கே வேலை, வீட்டில் என்ன பேச்சு என்று துருவிவிட்டுப் போயிருக்கிறார்.

"ரொம்பக் கஷ்டப்படுத்துனாங்களா?" என்றாள், காலைத் துணியில் ஒற்றிக்கொண்டே.

அவன் துணியை வாங்கித் தானே காலை ஒற்றிக்கொண்டான். பிறகு மெல்லச் சொன்னான். "யாரும் ஒரு வார்த்த திட்டல. எவ்வளவு தூரம்னும் சொல்லல. பின்னால ஒரு லோரி மெதுவா வந்துக்கிட்டே இருந்துச்சு. முடியலன்னா ஏறிக்கலாம். ஏறுனவனுக்குச் சுடச்சுட கோப்பி. மறுநாள் அவன் பழைய கேம்ப்புல இருப்பான்."

"நீங்க ஏறலையா?"

"எனக்குத்தான் கோப்பி புடிக்காதே."

சுப்பையன் கடையில் ஒரே மூச்சில் மூன்று டம்ளர் குடிக்கிற ஆள்! அவள் சிரித்த சிரிப்பில் சட்டித் தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது.

திருவிழா அன்று மஞ்சள் சேலை கட்டி, பால்குடத்தைத் தலையில் ஏற்றினாள். வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், சேதுராமனும் வெறுங்காலோடு கூட வந்தான். பெண்சாதி குடம் எடுக்க, பட்டாளத்துக்காரன் வீட்டில் படுத்திருந்தால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். நொண்டினாலும் கேட்பார்கள். அவன் நொண்டவில்லை.

தண்ணீர்ப் பந்தலருகே ஊர்வலம் சற்று நின்றது. பாக்கியலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி அஞ்சல, அன்னிக்கு ஆத்தாகிட்ட அந்தக் கத்து கத்துனியே, நெனச்ச எடம்னு! எந்த எடம்டி அது? கெடச்சிருச்சா?"

பந்தலுக்குள் மோர் டம்ளரை வாயருகே கொண்டுபோன ஒரு கை அப்படியே நின்றதை அஞ்சலை பார்த்தாள். வெள்ளைச் சட்டை. இதற்கு முன் தெருவில் காணாத முகம்.

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது பாருங்கள். என் வீட்டுக்காரர் யார் தெரியுமா, அத்தனை பேர் லோரியில் ஏறியபோதும் ஏறாமல் நடந்தவர் தெரியுமா என்று மலாக்கா முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதைப் பால்குடத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கெடச்சிருச்சுக்கா. ஸ்டோருதான்! எல்லையில சுடுறாங்களாமே, அவருக்கு ஒரே பயம். அரிசி மூட்ட பக்கத்துலயே ஒக்கார வச்சிரு ஆத்தான்னு வேண்டிக்கிட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாக்கியலட்சுமி புருஷன் ஏகாம்பரம் நெஞ்சை நிமிர்த்தி ஒரு சலாம் வைத்தான். "அட, நம்ம வீரரு பெருச்சாளிய சுடுறாரா!"

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அஞ்சலைதான். சேதுராமன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவள் தாலி கட்டிய அன்றுகூடக் கண்டதில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் மோரைக் குடித்து முடித்து, மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார். இன்சூரன்ஸ்காரரோ, வேறு யாரோ.

வெயில் ஏறியது. தார் ரோடு கொதித்தது. வயசானவர்களையும் மயங்கியவர்களையும் ஏற்றிக்கொள்ளக் கோயில் லோரி ஊர்வலத்துக்குப் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் கூப்பிட்டான்.

"ஸ்டோர்காரரே, காலு சுடுதா? ஏறிக்குங்க, சர்பத் குடுக்குறாங்க!"

"பரவால்லண்ணே," என்றான் சேதுராமன். "எனக்கு சர்பத் புடிக்காது."

குடத்துக்கு அடியில் அஞ்சலை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தலைமுறைகளாக மலாய் பேசிவந்த செட்டி கம்பத்துத் தமிழ்ப் பெண்கள் கெபாயா உடையில் வாசலுக்கு வந்து, "பானாஸ், பானாஸ்" என்று சூட்டைச் சொல்லி மலாயில் பரிதாபப்பட்டபடி, நடப்பவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சேதுராமன் அவளுக்கு வழி விலக்கியபடி முன்னால் நடந்தான். அவன் பாதம் பட்ட இடமெல்லாம் தாரில் ஈரத்தடம் விழுந்தது, ஒன்றுகூடக் கோணாமல். அவற்றின் மேலேயே கால் வைத்து நடக்கப் பார்த்தாள் அஞ்சலை. அவள் வைப்பதற்குள் ஒவ்வொன்றாகக் காய்ந்து, ரோடு பழையபடி வெறும் ரோடாகிக்கொண்டே வந்தது.