பூவரசு வேலிக்குள் ஹுமாயூன்

1949 ஜனவரியில் தண்டையார்பேட்டைச் செவ்வெறும்புகள் ஹுமாயூனை அவருடைய அக்கா வீட்டுப் பூவரசு வேலிக்குள் வைத்துத் தைத்துவிட்டன. திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் ஆலையில் வேலைநிறுத்தம் நடத்தியதற்காகப் போலீஸ் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. விடிகாலையில் ஓடிவந்தவர் வேலிக்குள் பதுங்கினார். எறும்புகள் இலையோடு இலையை இழுத்துப் பிடித்து, தங்கள் குஞ்சுகளின் வாய்நூலால் அவரைக் கால்முதல் தலைவரை மூடின. அக்கா அஜீசா பார்க்கும்போது ஒரு கண் தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்தது. அவரை ஒரு எறும்பும் கடிக்கவில்லை.

மற்ற எல்லோரையும் கடித்தன. அஜீசாவின் கணவர் தாவூது துறைமுகக் கிடங்கு மேஸ்திரி. சாம்பல் தூவியும் புகையிலைத் தண்ணீர் தெளித்தும் எறும்புகளிடம் தோற்று, மண்ணெண்ணெயும் சோப்பும் கலந்து அடிக்கக் கைப்பம்பு வாங்கி வைத்திருந்தார். மச்சானோடு அவருக்குப் பேச்சில்லை. மச்சானைத் தேடிவந்த போலீஸ் அவரை ஒருமுறை ஸ்டேஷனில் வைத்து அடித்திருந்தது.

"உன் தம்பியால வூடே பேஜாராப் பூடும். வெளிய வரச் சொல்லு."

"எப்டிங்க வருவான்? தச்சி வெச்சிகீதுங்களே."

அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. வீட்டைக் குடைந்தார்கள். வேலிக்குள் லத்தியை விட்ட காவலரின் சட்டைக்குள் எறும்புகள் ஏற, அவர் கிணற்றடிக்கு ஓடினார். இன்ஸ்பெக்டரின் பார்வை பம்பின்மேல் விழுந்தது.

"யோவ், மருந்துதானே அது? நடுவுல இருக்கிற பெரிய கூட்டுக்கு அடி."

தாவூது பம்பைத் தூக்கினார். ஒரு அழுத்து அழுத்தினால் மச்சான் இருமுவார். தன் தொல்லை தீரும். அஜீசா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். பம்பு நழுவி விழுந்தது. மருந்து மண்ணில் ஓடியது. நழுவியதா, விட்டாரா என்று தாவூது கடைசிவரை சொன்னதில்லை. சட்டையைக் கழற்றி, கூட்டுக்குள் தோள்வரை கையை விட்டார்.

"பாரு சாரு. எறும்புதான் கீது. வேற ஒண்ணும் இல்ல."

கையெல்லாம் தீப்பிடித்ததுபோல் எரிந்தது. உள்ளே ஹுமாயூனின் விரல்கள் அவருடைய விரல்களைப் பற்றின. தாவூது முகத்தை அசைக்காமல் நின்றார். தன் பூட்ஸில் ஏறிய எறும்புகளை உதறிக்கொண்டே இன்ஸ்பெக்டர் கிளம்பினார்.

தாவூதின் கை வீக்கம் வடிய ஒரு வாரம் ஆயிற்று. போலீஸ் நடமாட்டம் நிற்கவில்லை. எறும்புகளும் ஹுமாயூனை விடவில்லை. அஜீசா பப்பாளி இலையின் குழல்போன்ற காம்பைக் கூட்டுக்குள் செருகிக் கஞ்சி ஊற்றினார். வேலை முடிந்து வந்ததும் தாவூது வேலியோரம் குந்தி, துறைமுகத்துச் சங்கதிகளைச் சொன்னார். தெருவுக்கே தெரியும்; இலையை மேய்ந்துவிடுமே என்று ஆடுகளை மட்டும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

1951இல் வழக்கு வாபஸானது. அன்று காலையே எறும்புகள் நூலைக் கடித்துப் பிரித்தன. ஹுமாயூன் கொஞ்சம் பச்சை பாய்ந்து வெளியே வந்தார்.

"வா மச்சான், சோறு ஆறிப்போவுது" என்றார் தாவூது.

அடுத்த வாரம் ராயபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர்மேல் வேறொரு வழக்கு இருந்தது. வேலியில் இடம் காலியா என்று கேட்டார்.

"எங்களுக்கு இன்னா தெரியும்? அதுங்களத்தான் கேக்கணும்" என்று அஜீசா வேலியைக் காட்டினார்.