அவுட்பாக்ஸில் ஐந்து

அக்கா பதில் போடவில்லை. ஒரு மெயிலுக்கா, இரண்டு மெயிலுக்கா? பதினோரு வாரத்தில் எழுதிய ஐந்துக்கும் போடவில்லை. சின்னவளுக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, எழுந்தால் நடக்கப் பிடிக்கவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. கை நிதானம் இல்லாதவர்களுக்கு ஆகாத வேலை. போன வாரம் ஒரு வாத்தியாருக்கு வலது கண் பவரை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டாள். மனுஷன் கடைப் படியிலேயே தடுமாறி, அப்படியே திரும்பி உள்ளே வந்தார்.

வீட்டில் பெண்கள் இரண்டே பேர், பெரியவளும் சின்னவளும். ஐந்து மாதம் படுக்கையில் கிடந்த அம்மாவைச் சின்னவள்தான் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பெரியவளுக்குத் தூரத்து ஊரில் செடிப் பண்ணை. இந்த நாற்று போகட்டும், அந்த ஆர்டர் முடியட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவள், எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். வந்து அழுதாள். சின்னவளின் நாக்கு சும்மா இருக்குமா?

"உயிரோட இருக்கறப்ப வராம, இப்ப யாருக்காக அழற?"

அக்கா பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "இனிமே எனக்கு போன் பண்ணாத. உன் குரலைக் கேக்கற தெம்பு எனக்கு இல்ல. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரி, எழுதினாள். அக்கா பண்ணையின் இணையப் பக்கத்தில், அடியில், மெயில் முகவரி இருந்தது. அதைத் தட்டினால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைத் தாள் திறக்கும். எழுதி, 'அனுப்பு' என்பதை அழுத்தினால் தாள் மறைந்துவிடும். மறைந்தால் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? பின்னாலேயே ஒரு சின்னப் பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்கும். ஏதோ திருட்டு விளம்பரம் என்று அதை மூடிவிடுவாள். நம்மை ஏமாற்ற முடியுமா என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்ளவும் செய்வாள்.

முதல் மெயில் மன்னிப்பு. இரண்டாவது, கிடைத்ததா என்று கேட்டு. மூன்றாவதிலும் நான்காவதிலும் கெஞ்சல், கூடவே அம்மாவின் படங்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு. ஐந்தாவதை வியாழக்கிழமை எழுதினாள். கோபம் தலைக்கேறி எழுதியது, நான்கே வரி. கடைசி வரி இதுதான்: 'அந்த அஞ்சு மாசத்துல அம்மா உன்னை ஒரு தடவைகூடக் கேக்கல.'

அது பச்சைப் பொய். 'அனுப்பு' என்று அழுத்திய கணத்திலேயே ஏன் எழுதினோம் என்றாகிவிட்டது. அக்கா இதை உயிர் உள்ளவரை மறக்கமாட்டாள். மறந்துவிடு என்று சொல்ல இவளுக்கும் வாய் இருக்காது.

சனிக்கிழமை காலை, கீறலோடு வந்த ஒரு லென்ஸுக்காக லென்ஸ் கம்பெனிக்கு எழுத வேண்டியிருந்தது. கம்பெனியின் பக்கத்தில் முகவரியைத் தட்டினாள். அதே மாதிரி வெள்ளைத் தாள் திறந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் கடையில் கண் பரிசோதிக்கிற பெண். டாக்டர் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மாதான்.

"நீ மெயில பிரவுசர்லதானே பாக்கற? இது என்னத்தையோ திறக்குது?"

"முகவரியத் தட்டினா இதுதான் வரும். வீட்லயும் இப்படித்தான்."

"அடிப்பாவி, இது மெஷினோட வந்த ப்ரோக்ராம். இதுல உன் கணக்கே இல்லன்னா மெயில் எப்படிப் போகும்? அவுட்பாக்ஸ்ல குந்திக்கிட்டு இருக்கும். உன் வெப்மெயில டிஃபால்ட்டா வச்சுடு. அப்புறம் எந்த முகவரியத் தட்டினாலும் அதுலதான் திறக்கும்."

"அப்ப வீட்லேர்ந்து இதுவரைக்கும் அனுப்பினது?"

"ஒண்ணும் போயிருக்காது."

சின்னவள் தலைவலி என்று சொல்லிவிட்டு, கழுத்தில் மாட்டிய ஏப்ரனோடு தெருவில் இறங்கினாள். பஸ் வரும்வரை நிற்கப் பொறுமையில்லை. மூன்று நிறுத்தம் நடந்தே வந்தாள். ஒன்றும் போகாமல் இருக்க வேண்டும். போயிருந்தால்? ஐந்தாவது மட்டும் எப்படியோ தப்பிப் போயிருந்தால்?

வீட்டில் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக், சனிக்கிழமை லீவு. அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அந்தப் ப்ரோக்ராமில் இருந்தது அவருடைய மெயில் கணக்கு. எப்போதோ சேர்த்துவைத்தது, போன வருஷம் பாஸ்வேர்டு மாற்றியதும் அப்படியே நின்றுபோனது. இடது ஓரத்தில் அவுட்பாக்ஸ் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு எண். ஐந்து.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அக்கா எதையுமே படிக்கவில்லை. அந்தப் பொய்யைப் படிக்கவில்லை! ஐந்தாவதை அழித்துவிட வேண்டும் என்று மவுஸை நகர்த்தும்போது போன் அடித்தது. கடை முதலாளி. அறைக்குள் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் பால்கனிக்கு ஓடினாள். வாத்தியாரின் புது லென்ஸ் எந்த டிரேயில் இருக்கிறது என்று அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

திரும்பி வந்தால் நாற்காலியில் கணவர். எங்கே எது ஓடாமல் நின்றாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

"சரி பண்ணிட்டேன்," என்றார் பெருமையாக. "பாஸ்வேர்டு பழசு, அவ்வளவுதான் விஷயம். புதுசப் போட்டேன், கடகடன்னு போகுது பாரு."

திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அவுட்பாக்ஸ் பக்கத்தில் இரண்டு என்று இருந்தது.

"ஐயோ, நிறுத்துங்க!"

"ஏன், போகட்டுமே?"

அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. கூடத்துக்கு ஓடி, ஷூ அலமாரியின் மேல் மினுக்கிக்கொண்டிருந்த நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். வந்த வேகத்தில் மேலே இருந்த சாவிக்கொத்தும் குடையும் கீழே விழுந்தன. அறைக்குத் திரும்பியவளுக்குத் திரையைப் பார்க்கத் துணிவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள்.

"எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"தேதி என்ன? தேதியப் பாத்துச் சொல்லுங்க."

"வியாழக்கிழமை."

சின்னவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் படங்கள் கனமாக இருந்ததால் நான்காவது மெயில் நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இல்லாவிட்டால் இதுவும் போயிருக்கும்.

கணவர் மிச்சமிருந்ததைத் திறந்து படித்தார். நான்கு வரி படிக்க எவ்வளவு நேரம்? ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஐந்து மாதமும் அவரும் இதே வீட்டில்தானே இருந்தார்.

"அத்தையைப் பத்தி இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"அழிச்சுடுங்க."

"எழுதினவ நீ. நீயே அழி."

அழித்தாள். அழித்தது போய் விழுகிற குப்பைத் தொட்டியைத் தேடிப் பிடித்து அங்கேயும் அழித்தாள். அப்படியும் நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தரம் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தாள். பிறகு இருவருமாக நெட்டைப் போட்டு, டாக்டரம்மா சொன்ன வேலையில் இறங்கினார்கள். செட்டிங்ஸில் டிஃபால்ட் ஆப் பட்டியலுக்குப் போய், மெயில் என்ற இடத்தில் பழைய ப்ரோக்ராமை எடுத்துவிட்டு பிரவுசரை வைத்தார்கள். முகவரியைத் தட்டினால் பிரவுசர் வந்தது, காலியாக நின்றது.

"இதுவும் ஏமாத்துதே!" என்றாள் சின்னவள். அழுகை முட்டியது.

"இரு, இரு. லிஃப்ட்டுக்கும் ரெண்டு கதவு உண்டு. கூண்டுக் கதவு ஒண்ணு, மாடிக் கதவு ஒண்ணு. ரெண்டும் மூடினாத்தான் நகரும்."

அவர் பிரவுசரில் அவளுடைய வெப்மெயிலைத் திறந்தார். முகவரிப் பட்டையின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி தெரிந்தது. தட்டியதும், மெயில் இணைப்புகளை இந்தத் தளம் திறக்கலாமா என்று கேட்டது. அனுமதி கொடுத்தார். இப்போது அக்காவின் முகவரியைத் தட்டியதும் அவளுடைய வெப்மெயிலே திறந்தது. மேலே அக்காவின் முகவரி, கீழே வெற்றிடம். அதில் என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. 'அக்கா' என்று அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள்.

போன் அடித்தது. அக்கா.

"ஏய், உன் வீட்டுக்காரர் பேர்ல எனக்கு நாலு மெயில் வந்திருக்கு. 'அக்கா, என்னை மன்னிச்சுடு, நான் உன் கையில வளந்தவ'ன்னு. அந்த மனுஷனுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்."

சின்னவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அந்தப் பக்கமும் அதே கதைதான்.

"தினம் காலையில எழுந்ததும் மெயில்தான் பாப்பேன்," என்றாள் அக்கா. "நீ என்னை விட்டுட்டேன்னு நெனச்சேன்டி." மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணு கேக்கணும். கேக்கற யோக்கியதை எனக்கு இல்ல. அம்மா என்னைக் கேட்டாளா?"

கேட்டாள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் முழுசாகச் சொல்லவேண்டும், சொல்லத்தான் வலித்தது. துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் அவள் கை.

"உன்னை மட்டும்தான் கேட்டா. கடைசி ரெண்டு மாசம் என்னை அடையாளமே தெரியல. நான் உள்ள போனா, 'பெரியவளே, வந்துட்டியா?'ன்னு கேப்பா."



"நான் சின்னவன்னு நீ சொல்லலியா?"

"மொத நாள் சொன்னேன். அழுதா. அதுக்கப்புறம் சொல்லல. தினமும், 'வந்துட்டேம்மா'ன்னு சொன்னேன்."