ஏழு மைலான்

கடவுள் என்ன விலை என்றால், ஜொகூரில் இரண்டு வெள்ளி நாற்பது காசு. தேங்காய், கற்பூரம், மஞ்சள் துணி எல்லாம் அடக்கம். அதுவும் கபீர் கொள்முதல் விலைக்குப் போட்ட கணக்கு.

சிங்கப்பூர்ப் பாலம் திறந்த மறுவருடம் அது. தம்போய் தாண்டிப் பெரிய ரோட்டில் கபீரின் தேநீர்க் கடை. வாசலில் ஏழாவது மைல்கல். பஸ்ஸும் ரப்பர் லாரியும் கல்லைக் கண்டால் நிற்கும். நின்றவர்கள் தேநீர் குடிப்பார்கள். கடைக்கு முதல் போட்டது கபீர் அல்ல, அந்தக் கல்தான்.

பாலத்தால் வண்டிகள் பெருகவே, ரோட்டை நேராக்கினார்கள். வளைவுகள் போனதில் தூரம் அரைக்கால் மைல் குறைந்தது. ரோட்டுக் கூலிகளை மேய்க்கும் மண்டோர் லெட்சுமணன் கடப்பாரையோடு வந்து நின்றான்.

“கல்லு இனிமே அரைக்கால் மைலு தள்ளி, அய்யாவு டீக்கடை வாசல்ல, பாய். உங்க கடை ஆறே முக்காலே அரைக்கால் மைலு.”

“அந்தப் பேரைக் கண்டக்டர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பஸ் அடுத்த ஊரு ஸ்கூடாய்க்கே போயிருமேய்யா!”

பக்கத்தில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மா தலை நிமிர்த்தினாள். “என்ன கல்லுங்க இது?”

“ஏழு மைலும்மா,” என்றான் லெட்சுமணன்.

சுத்தியல் சத்தத்தில் அவள் காதில் விழுந்தது ஏழுமலை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஐயோ, ஏழுமலையானையா கடப்பாரையால குத்தப் போறே?”

தானாக வந்து விழுந்த சரக்கைக் கபீர் திருப்பி அனுப்புகிறவரா? கடைக்குள் போய்த் தேங்காயோடு வந்தார். “வெறுங்கையோட கும்பிடாதே, தங்கச்சி.”

“இதுல உங்களுக்கென்ன பாய்?” என்றான் மண்டோர்.

“உங்களுக்குச் சாமி. எனக்கு வாடிக்கை.”

மதியத்துக்குள் கல் மஞ்சள் துணி கட்டிக்கொண்டது. கூலிகள் ஒருவரும் அதைத் தொடவில்லை. லெட்சுமணனே கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

இன்ஜினியர் துரை வந்தார். சாமி நகராது என்றார்கள். கணக்குப் பிசகக் கூடாது என்றார் அவர். வெகுநேரம் யோசித்து ஒரு முடிவு சொன்னார்: கல் ஏழாவது மைலுக்குப் போகாதென்றால், ஏழாவது மைல் கல்லுக்கு வரட்டும். குறைந்த தூரத்தை ஈடுகட்டக் கல்லுக்கு முன்னால் புதிதாக ஒரு வளைவு. மலை இல்லை, ஆறு இல்லை. ஒன்றையும் சுற்றாத வளைவு.

கபீர் எல்லாருக்கும் ஓசியில் தேநீர் கொடுத்தார்.

மறுநாள் லெட்சுமணன் கயிறும் முளைக்குச்சியுமாக வந்தான்.

“வளைவு எந்தப் பக்கம்யா?”

“அந்தப் பக்கம் சதுப்பு, பாய். இந்த மேடுதான் தோது.”

“மேட்டுல என் கடை இருக்கே!”

“ரோடு உங்க அடுப்பு மேலதான் போகுது.”

“அலமாக்! அப்ப கல்லு?”

“சே, அதைத் தொடுவமா?”

கடை போனபின், அய்யாவு கடைக்குப் பக்கத்தில் கபீர் ஒரு கொட்டகை போட்டார். பஸ்கள் இப்போதும் கல்லருகில்தான் நிற்கின்றன. அங்கே வெள்ளையம்மா தேங்காய் விற்கிறாள். கபீர் முதல் படையலின் பணத்தையாவது கேட்டுப் பார்த்தார்.

“சாமி பேர்ல எழுதிக்குங்க, பாய்.”

எழுதிக்கொண்டார். வரவு: ஒரு வளைவு. செலவு: ஒரு கடை. ஏழு மைலான் பேரில் பாக்கி: இரண்டு வெள்ளி நாற்பது காசு.