மணல் குடிக்காத பால்

சம்பூர்ணம் சொம்பைச் சாய்த்து ஊற்றிய பாலை மணல் குடிக்கவில்லை. புதைமேட்டின் தலைமாட்டில் கெட்டியாகத் தேங்கி நின்றது. பிள்ளை இல்லாத வீடு. அதனால் புருஷன் சடையனுக்குப் பால் ஊற்ற அவளே புதுப்பட்டினத்துச் சவுக்குத் தோப்புக்கு வந்திருந்தாள்.

"இன்னா அண்ணி, புளிச்ச வாடை அடிக்குது?" என்றாள் சடையனின் தங்கை வேண்டா. வீட்டு மூலையில் இலை மூடியிருந்த சொம்பைத் தூக்கி வந்தவளே அவள்தான். ஊற்றியதை அள்ள முடியாது என்று எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

சடையன் கடலை விட்டுப் பெயிண்ட் வேலைக்குப் போய் இரண்டு வருஷம். முந்தாநாள், மாமல்லபுரத்தில் பட்டணத்து முதலாளி கட்டும் பங்களாவில், சாரத்திலிருந்து விழுந்து செத்தான். அதற்கு மூன்று நாள் முன்பே இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. "ஊரான் செவுத்துக்குப் பூசுற. நம்ம வூட்ல சாஞ்சா முதுகெல்லாம் சுண்ணாம்பு. நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கேட்டுவிட்டாள் சம்பூர்ணம். அதன் பிறகு அவன் போவதையும் வருவதையும் அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பகல் முழுக்க வெயில் காய்ந்தது. சாயங்காலம் மழை கொட்டியது. விடிந்ததும் தோப்புக்கு ஓடினாள். மேட்டு மணல் கரைந்து வழிந்திருந்தது. பால் மட்டும் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. மேலே மழைத்தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

"எங்கையால ஊத்துனது வாணாமாய்யா உனக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பின்னாலேயே வந்த கொழுந்தன் துரை குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான். அண்ணனோடு அதே சாரத்தில் நின்றவன்.

"அண்ணி, இது பால் இல்ல. வேண்டா சொம்ப மாத்தித் தூக்கியாந்துட்டா. பங்களாவுக்குப் புதுசா வந்த பிளாஸ்டிக் பெயிண்டு இது. டர்பன்டைன் வாணாம், தண்ணி ஊத்தியே கலக்கலாம். காஞ்சிட்டா அப்புறம் எந்தத் தண்ணிக்கும் போவாது."

"நம்ம வூட்டுக்கு எப்பிடிடா வந்துச்சு?"

"சாவறதுக்கு மொத நாளு, மேஸ்திரி கையக் கால புடிச்சி அண்ணாத்ததான் ஒரு சொம்புல வாங்கினு போச்சு." என்றான் துரை. "வூட்ல ஒருத்தி சாஞ்சு உக்காரணும்டான்னுச்சு."

சம்பூர்ணம் அழவில்லை.

"இத உரிச்சிப் போட்டுட்டு நல்ல பாலா ஊத்திடலாம். வாங்கினு வரேன், இரு" என்று அவன் ஓடினான்.

அவள் அந்த வெள்ளையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மேலே தோல் கட்டியிருந்தது. அடியில் இன்னும் காயவில்லை. அழுத்தியதும் மெத்தென்று உள்ளே போய், மெதுவாக மேலே வந்தது.

துரை பாலோடு திரும்பி வந்து கூப்பிட்டும் அவள் கையை எடுக்கவில்லை.