பேரலில் மிஞ்சிய சரக்கு

அர்ஜுனனின் கையை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பிள்ளையார்பாளையத்துத் தறியில் பத்து வருஷம் பழகிய கை. எழுபத்திரண்டில் செவிலிமேட்டிலிருந்த எங்கள் பிளாஸ்டிக் ஷெட்டுக்கு வந்தான். நான் ஆறு வருஷமாக இழுத்த நெம்புகோலை மூன்றே மாதத்தில் என்னைவிட நன்றாக இழுத்தான். வயிறு எரியாதா?

நாங்கள் செய்தது பிளாஸ்டிக் குங்குமச் சிமிழ். மேலே தொட்டியில் பிளாஸ்டிக் குருணையைக் கொட்டினால் பேரல் என்கிற இரும்புக் குழாய்க்குள் இறங்கும். பேரலைச் சுற்றியிருக்கும் ஹீட்டர் அதைக் கூழாக்கும். நெம்புகோலை இழுத்தால் உள்ளேயிருக்கும் தண்டு அந்தக் கூழை முனைத் துவாரம் வழியாக அச்சுக்குள் தள்ளும். ஆறியதும் அச்சைப் பிரித்தால் சிமிழ். மெதுவாக இழுத்தால் ஓரம் நிறையாது. முரட்டுத்தனமாக இழுத்தால் அச்சின் இடுக்கில் பிதுங்கும். நூற்றுக்குப் பத்து எனக்கு வீணாகும். அவனுக்கு இரண்டு, அதுவும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே.

முதலாளி நேமிநாதன் பம்பாயிலிருந்து தானாக ஓடும் மெஷின் வாங்கப் போவதாகச் சொன்னார். அதை ஓட்டப் போகிறவனை ஒரு மாதம் அங்கே அனுப்பிப் பழக்குவாராம்.

"யாருன்னு தை பொறக்கட்டும், சொல்றேன்பா" என்றார். என்னிடம்தான் சொன்னார். பார்வை மட்டும் அர்ஜுனனின் கைமேல் இருந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் வேறு ரகக் குருணை வந்தது. ஹீட்டரை நிறுத்திய பிறகும் பேரலில் தங்கும் சூட்டிலேயே அது கருகி இறுகிவிடும், வேலை முடிந்ததும் பேரலைக் காலி செய்துவிட வேண்டும் என்று முதலாளி என்னிடம் சொன்னார். அர்ஜுனனிடமும் சொல்லிவிடச் சொன்னார்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. நெசவுக்காரர்கள் சேலையை அறுத்தெடுத்தாலும் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளின் நுனியைத் தறியிலேயே விட்டு வைப்பார்கள். அடுத்த பாவின் இழைகளை அதில்தான் பிணைப்பார்கள். தறி வெறுமையாக இருக்கக் கூடாது. அர்ஜுனன் அதை மெஷினுக்கும் கொண்டுவந்திருந்தான். நிறுத்துமுன் ஒரு பிடி குருணை போட்டுப் பேரலை நிரப்பி வைப்பான். பழைய சரக்குக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலமும் ஒரு பிடி அள்ளினான். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னாண்ணா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. கெளம்புப்பா."

அமாவாசைக்குத் தறியும் ஓடாது, எங்கள் மெஷினும் ஓடாது. அமாவாசைக்கு மறுநாள் காலை ஹீட்டர் சூடானதும் அவன் நெம்புகோலை இழுத்தான். நகரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். உள்ளே தண்டு வளைந்துவிட்டது. ஆறவிட்டு நான்தான் முனையைக் கழற்றினேன். பேரல் முழுக்கக் கரி. அப்போதும் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

முதலாளி வந்து பார்த்தார். நேராக என்னிடம் திரும்பினார்.

"பஞ்சாட்சரம், இவன்கிட்ட சொல்லச் சொன்னேனே. சொன்னியா இல்லியா?"

நான் கழற்றிய முனையிலிருந்த கரியைச் சுரண்டினேன். அர்ஜுனன் என்னை ஒரு தடவை பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணன் சொன்னாருங்க. நான்தான் மறந்துட்டேன்" என்றான்.

நான் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

பம்பாய்க்கு நான்தான் போகப் போகிறேன் என்று முடிவாயிற்று. அர்ஜுனன் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பியபோது வாசலில் மறித்தேன்.

"ஏன்டா பொய் சொன்ன?"

"நீ ஆறு வருசமா நின்னுக்கினு இருந்த எடம்ணா அது. எனக்கு வீட்ல தறி இருக்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

புது மெஷின் வந்து இரண்டு வருஷமாகிறது. பொத்தானை அழுத்தினால் போதும், யார் கை என்று அது பார்ப்பதில்லை. தினமும் சாயங்காலம் பேரலைக் காலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். வழியில் அர்ஜுனன் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன். முன்பு அவன் கையைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. இப்போது முழு ஆளையும் பார்த்து எரிகிறது.